பின்னி மில்லைப் பற்றிப் புளியந்தோப்பு சொல்வது

சென்னையில் வசிக்கும் பலரைப் போல நானும் பின்னி மில்லை முதலில் பார்த்தது திரையில்தான். கடத்தல்காரனின் கிடங்கு, ரௌடிகள் பதுங்கும் பாழடைந்த ஆலை, கதாநாயகனைக் கட்டிவைத்து அடிக்கும் இருட்டுக் கூடம் என்று எத்தனையோ படங்களில் அந்தச் செங்கல் சுவர்கள் வந்துபோயிருக்கின்றன. படப்பிடிப்புக்கு இடம் கொடுத்ததை நான் குறையாகச் சொல்லவில்லை; மூடிக்கிடந்த ஆலைக்குள் அதனால் சிலருக்காவது கூலி கிடைத்தது. என்னை உறுத்தியது வேறு. இந்தியாவின் முதல் ஒழுங்கமைந்த தொழிற்சங்கம் தோன்றுவதற்குக் காரணமாக இருந்த ஓர் ஆலை, பெயரோ முகவரியோ இல்லாத பாழிடமாக மட்டும் நம் கண்ணுக்குப் பழகிவிட்டது. பம்பாயில் பிறந்த பி.பி. வாடியா என்ற பார்சிக்காரரும், நம் திரு.வி.க.வும், பெரம்பூரின் சிறு வணிகர்கள் இருவரும், ஆயிரக்கணக்கான நெசவாளிகளும் சேர்ந்து நாட்டின் சட்டத்தையே மாற்றக் காரணமாக இருந்த இடம் அது.

இந்த ஆதங்கத்தை ஒருநாள் என்னோடு வேலை பார்க்கும் ஒருவரிடம் சொன்னேன். புளியந்தோப்பில் பிறந்து வளர்ந்தவர். வயதில் மூத்தவர் என்பதால் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். சங்கம் பிறந்த 1918, வாடியா, திரு.வி.க. என்று நான் சொல்லிக்கொண்டே போனதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “அதெல்லாம் சரிதான் தம்பி. எங்க வீட்ல மில்லுன்னா வேற கதை. எங்க பாட்டி மில்லுன்னு வாயெடுத்தாலே, குடிசை எரிஞ்சதுலேர்ந்துதான் ஆரம்பிக்கும். அப்போ அது சின்னப் பொண்ணு” என்றார். அதற்கு மேல் அவர் எதையும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. குடிசைகள் எரிந்த 1921 எனக்குத் தெரியாத செய்தி அல்ல. பல நூல்களில் படித்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரு பத்தி, சில சமயம் ஒரு வரி. ஒரு குடும்பத்தில் அந்த ஒற்றை வரிதான் முழுக் கதையாகவும், நான் முழுக் கதை என்று நினைத்திருந்தது பேச்சுக்குக்கூட வராத ஒன்றாகவும் இருக்க முடியும் என்பது மட்டும் அன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை. அந்த மில்லைக் காக்க வேண்டும் என்று பேசுகிற நாம் எந்தக் கதையைக் காக்கச் சொல்கிறோம் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

பஞ்ச காலத்தில் எழுந்த சுவர்

பக்கிங்காம் மில் 1876-இல் தொடங்கப்பட்டது. அப்போதைய சென்னை ஆளுநரான பக்கிங்காம் கோமகனின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. நம் கால்வாய்க்கும் அவர் பெயர்தான். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் உலுக்கிய ஆண்டுகள் அவை. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக, பட்டினியில் வாடிய மக்களின் கையால் வெட்டப்பட்டது. ஊர்ப்புறங்களிலிருந்து பிழைப்புத் தேடி மக்கள் பட்டணத்தை நோக்கி வந்துகொண்டிருந்த காலத்தில்தான் ஓட்டேரிக்கும் புளியந்தோப்புக்கும் பக்கத்தில் இந்த ஆலையும் எழுந்தது. 1880-களின் தொடக்கத்தில் கர்நாடிக் மில் அதனருகே சேர்ந்தது. இரண்டையும் நடத்தியது பின்னி நிறுவனம். 1906-இல் அர்பத்நாட் வங்கி திவாலானபோது பின்னியும் ஆட்டம் கண்டு, பிறகு பிரிட்டிஷ் கப்பல் வணிகரான இஞ்ச்கேப் பிரபுவின் கைக்குப் போனது. 1920-இல் இரண்டு மில்களும் ஒரே நிறுவனமாகி ‘பி அண்ட் சி’ என்ற பெயர் நிலைத்தது. அதன் காக்கித் துணி படைக்கும் காவல்துறைக்கும் போனது. உலகப்போர் ஆண்டுகளில் அந்தத் துணிக்கு இருந்த தேவையைச் சொல்ல வேண்டியதில்லை.

பஞ்சாலைக் கட்டடத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது அழகுணர்ச்சி அல்ல, எந்திரம். நீராவி எந்திரத்தின் விசை நீண்ட தண்டுகள் வழியாகவும் வார்ப்பட்டைகள் வழியாகவும் ஒவ்வொரு தறிக்கும் போய்ச்சேர வேண்டும். ஆகவே கூடம் நீளமாக இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான தறிகள் ஒரே நேரத்தில் அடிக்கும் அதிர்வைத் தாங்கச் சுவர் தடிமனாக இருக்க வேண்டும். பஞ்சுத்தூசி எளிதில் தீப்பற்றும் என்பதால் மரத்தைவிடச் செங்கல்லும் இரும்பும் பாதுகாப்பானவை. இவற்றையெல்லாம்விட முக்கியம், காற்று வறண்டால் நூல் அறும் என்பது. எனவே உள்ளே ஈரமும் வெம்மையும் தங்கும்படி சன்னல்களை அடைத்தே வைப்பார்கள். நூலுக்கு உகந்த அந்தக் காற்று, சித்திரை வெயிலில் அதே கூடத்தில் நின்று வேலை செய்கிறவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதைச் சென்னைவாசி எவரும் ஊகித்துக்கொள்ளலாம். 1911-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் துணி ஆலைகளில் வளர்ந்த ஆணின் வேலை நேரத்துக்கு வைத்த வரம்பே நாளொன்றுக்கு 12 மணி நேரம்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு ஒரு மாலை அந்தப் பக்கம் போனபோது, மதிலோரம் பூச்சு உதிர்ந்திருந்த ஓர் இடத்தில் நின்று பார்த்தேன். பழைய கல் சற்று மெலிதானது, கரும்சிவப்பு, விளிம்பு மழுங்கியிருந்தது. இடையிலிருந்த சுண்ணாம்புக் காரையை நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. அதற்கு மேலே, பிற்காலத்தில் ஏதோ ஒரு திறப்பை அடைத்த இடத்தில், வெளிறிய நிறத்தில் பெரிய கற்களும் சிமென்ட்டும் இருந்தன. அந்த அடைப்பைச் சுற்றித்தான் விரிசல் ஓடியிருந்தது. சுண்ணாம்பு, வெயிலுக்கும் மழைக்கும் கொஞ்சம் அசைந்துகொடுக்கும், சிமென்ட் கொடுக்காது. பழைய சுவரைச் சிமென்ட்டால் ஒட்டுப்போடாதீர்கள் என்று மரபுக் கட்டடங்களில் வேலை செய்யும் கொத்தனார்கள் தலைப்பாடாகச் சொல்வது இதனால்தான்.

பத்து நிமிடத்துக்கான சங்கம்

1918-இன் கதை பலருக்கும் தெரிந்ததே என்பதால் விரிவாகச் சொல்லப்போவதில்லை. மதியச் சாப்பாட்டுக்கு 30 நிமிட இடைவேளை. அதற்குள் வாயிலைக் கடந்து, கைகழுவி, சாப்பிட்டு, மணியடிக்கும் முன் தறிக்குத் திரும்பியாக வேண்டும். போரினால் அரிசி விலை ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளை அதிகாரிகளின் வசையும் அடியும் தனி. பெரம்பூர்ப் பகுதி வணிகர்களான செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் நடத்திவந்த வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபையில் தொழிலாளர்கள் மாலை வேளைகளில் கூடுவது வழக்கம். சமயச் சொற்பொழிவு கேட்க வந்தவர்கள் தங்கள் பாட்டையும் பேசத் தொடங்கினார்கள். அங்கே பேச அழைக்கப்பட்டார், அப்போது ‘தேசபக்தன்’ ஆசிரியராக இருந்த திரு.வி.க. அன்னி பெசன்ட்டுடன் பணியாற்றிக்கொண்டிருந்த பி.பி. வாடியாவும் வந்துசேர்ந்தார். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா அதன் தலைவரானார். சங்கத்தின் முதல் கோரிக்கைகளில் ஒன்று உணவு இடைவேளையை நீட்டுவது. 30 நிமிடம் 40 நிமிடமாயிற்று. அந்தப் பத்து நிமிடத்தை நான் சிறியதாக நினைக்கவில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்று உழைக்கிறவன் உட்கார்ந்து சோற்றை மென்று தின்பதற்கான உரிமை அது.

1920 இறுதியில் நிர்வாகம் ஆலையைப் பூட்டிக் கதவடைப்புச் செய்தது. டிசம்பர் 9 அன்று காவல்துறை சுட்டதில் பாபுராவ், முருகன் என்ற இரு தொழிலாளர்கள் இறந்தார்கள். நிறுவனம், தொழிலாளர்களை ஒப்பந்தம் மீறத் தூண்டியதாக வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் வழக்குத் தொடுத்துப் பெருந்தொகை இழப்பீடு கேட்டது. சென்னை உயர் நீதிமன்றம் அவர்களுக்குத் தடை விதித்தது. தொழிலாளரைச் சேர்த்து வேலைநிறுத்தம் பற்றிப் பேசினாலே சிவில் வழக்கில் ஒருவரை நொடிக்க முடியும் என்பது அப்போது நாடு முழுவதற்கும் தெரிந்துபோனது. 1921 மார்ச்சில் தொழிலாளர் தலைவர் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் சங்கங்களைப் பதிவு செய்யவும் பாதுகாக்கவும் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அதன் பலன்தான் 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம். பதிவு பெற்ற சங்கத்தின் மீது இத்தகைய வழக்குத் தொடுக்க முடியாது என்று அதன் 18-ஆம் பிரிவு சொன்னது. இன்று எந்த ஊரில் எந்தச் சங்கம் வேலைநிறுத்த அறிவிப்புக் கொடுத்தாலும், அந்தப் பாதுகாப்பின் வேர் பெரம்பூரில் இருக்கிறது.

நான் அண்ணனிடம் சொன்னது இந்த இடம்வரைதான். மில்லைப் பற்றிய பெருமைப் பேச்சுகள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகின்றன. வாடியா சங்கத்திலிருந்து விலகினார், வழக்கு முடிந்தது, பிறகு சட்டம் வந்தது என்று 1921-இன் முதல் மாதங்களிலிருந்து 1926-க்கு ஒரே தாவாகத் தாவிவிடுகிறோம்.

1921, ஜூன் முதல் அக்டோபர் வரை

தாண்டிப்போகும் அந்த மாதங்களில் நடந்தது இது. கர்நாடிக் மில்லில் எழுந்த தகராறு ஜூனில் பக்கிங்காம் மில்லுக்கும் பரவியது. சாதி இந்துத் தொழிலாளர்களும் முஸ்லிம் தொழிலாளர்களும் வேலைநிறுத்தத்தில் நின்றார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். அவர்கள் குடியிருந்த புளியந்தோப்பு ஆலைக்கு நடக்கிற தூரம்தான். வேலைநிறுத்தக்காரர்கள் அவர்களைக் கருங்காலிகள் என்றார்கள், அடிதடி நடந்தது, குடிசைகள் கொளுத்தப்பட்டன. இரு பக்கமும் தாக்குதல்கள் தொடர்ந்தன. ஆகஸ்ட் 29 அன்று காவல்துறை சுட்டதில் பலர் இறந்தார்கள். ஆளுநர் வெலிங்டன் பிரபு திரு.வி.க.வை நாடுகடத்தப்போவதாக மிரட்டினார். ஆட்சியிலிருந்த நீதிக்கட்சிக்குள்ளேயே பிளவு உண்டாயிற்று. ஆதிதிராவிட மக்களுக்கு அரசின் தொழிலாளர் துறை உதவியதையே கலவரத்துக்குக் காரணம் என்று கட்சியின் ஒரு பகுதியினர் குற்றம் சாட்டினார்கள், ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா தம் மக்களின் பக்கம் நின்று வாதாடினார், பிறகு அக்கட்சியிலிருந்தே வெளியேறினார். அக்டோபரில், நீதிக்கட்சியின் நிறுவனர்களில் ஒருவரான சி. நடேச முதலியாரின் சமரசத்தோடு வேலைநிறுத்தம் ஓய்ந்தபோது தொழிலாளர்கள் கையில் எதுவும் மிஞ்சவில்லை. சங்கம் நொறுங்கிப் போயிருந்தது.

இதை நம் ஏடுகள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் முடிக்கும்: ‘நிர்வாகம் சாதியைப் பயன்படுத்தித் தொழிலாளரைப் பிரித்தது.’ அந்த வாக்கியத்தில் உண்மை இருக்கிறது. ஆலை ஓட வேண்டும் என்பதற்காக நிர்வாகம் அந்தப் பிளவை முழுக்கப் பயன்படுத்திக்கொண்டது, அரசும் துணைநின்றது. ஆனாலும் அதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. பிரிக்க முடிந்தது என்றால், பிரிவதற்கு ஒரு கோடு முன்பே இருந்தது. அந்தக் கோட்டைப் பின்னி நிறுவனம் வரையவில்லை. தொழிலாளர்கள் ஆலை வாயிலுக்கு வரும்போதே ஊரிலிருந்தும் சேரியிலிருந்தும் அதைக் கொண்டுவந்திருந்தார்கள். வேலைநிறுத்தத்தின் ஒரு மாதம் என்பது எல்லோருக்கும் ஒரே விலை அல்ல. ஊரில் காணி இருப்பவனுக்கும், கடன் கொடுக்கச் சொந்தக்காரன் இருப்பவனுக்கும், கடையில் அரிசியைப் பற்றெழுதி வாங்க முடிந்தவனுக்கும் ஒரு விலை. எந்தக் கடைக்காரனும் பற்றெழுதாதவனுக்கு வேறு விலை. முந்தைய ஆண்டின் கதவடைப்பில் எல்லோரும் பட்டினி கிடந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதே மக்களிடம் மறுபடியும் பட்டினி கிடக்கச் சொன்னபோது, இதற்கு முன்னால் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறீர்களா என்று அவர்கள் திருப்பிக் கேட்டிருந்தால் சங்கத்திடம் என்ன பதில் இருந்திருக்கும்?

நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது அந்தக் குணாமிர்த வர்ஷணி சபையில்தான். சொற்பொழிவு மேடையிலிருந்து ஒரு தொழிற்சங்கம் பிறந்தது என்பதை முன்பு நான் ஓர் அழகான செய்தியாக மட்டுமே சொல்லிவந்தேன். இப்போது, அந்தச் சபையின் பாயில் யார் யார் அமர முடிந்தது, யார் வாசலோடு நின்றார்கள் என்ற கேள்வியோடுதான் அதைச் சொல்ல முடிகிறது. வாடியாவின் நேர்மையிலோ திரு.வி.க.வின் நெஞ்சீரத்திலோ எனக்கு ஐயமில்லை. செல்வபதி செட்டியார் போன்ற ஒருவர் தம் வணிகத்தைப் பணயம் வைத்துத் தொழிலாளர் பக்கம் நின்றது எளிய காரியமும் அல்ல. ஆனால் சங்கம் வைத்த கோரிக்கைகள் எல்லாம் ஆலை வாயிலுக்கு உள்ளே நடப்பவற்றைப் பற்றியவை. வாயிலுக்கு வெளியே ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியை எப்படி நடத்துகிறான் என்பது சங்கத்தின் கவலையாக ஆகவில்லை. 1921 ஜூனில் குடிசை எரிந்தபோது அந்த விடுபாட்டின் முழு அளவும் வெளியே தெரிந்தது. எரித்தவனும் எரிபட்டவனும் ஒரே தறிக்கூடத்தில், ஒரே புழுக்கத்தில் நின்றவர்கள்.

அண்ணனின் பாட்டிக்கு 40 நிமிட இடைவேளை ஏன் நினைவில் இல்லை என்பது எனக்கு இப்போது விளங்குகிறது. அவர் எதையும் மறக்கவில்லை. தம் வீட்டு வாசலுக்கு வந்ததை நினைவில் வைத்திருந்தார். 1921-க்குப் பிறகு நிர்வாகம் நலக்குழு அமைத்தது. தொழிலாளர் குடியிருப்புகளும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் இருந்தன. அங்கே படித்துத் தலையெடுத்த குடும்பங்கள் புளியந்தோப்பிலும் பட்டாளத்திலும் ஓட்டேரியிலும் இருக்கின்றன. மில்லுச் சங்கை வைத்து உலை வைத்ததையும், மில்லில் வேலை என்றால் பெண் கொடுக்கத் தயங்காததையும் அந்தப் பகுதிப் பெரியவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். ஒரே குடும்பத்தில் ஒரு தலைமுறைக்கு அது குடிசை எரிந்த இடம். அடுத்த தலைமுறைக்குச் சம்பளமும் பென்ஷனும் கொடுத்த இடம். இரண்டையும் சேர்த்துச் சொல்ல நமக்கு இன்னும் பழகவில்லை.

எதைக் காப்பது

1996-இல் மில் மூடப்பட்டது. சங்கு நின்றது. அதன் பிறகு படப்பிடிப்பு, கிடங்கு, இடிப்பு, அடுக்குமாடிக் குடியிருப்பு என்று அந்த நிலம் கைமாறி உருமாறி வருகிறது. நகரத்துக்கு வீடு வேண்டும் என்பதை மறுக்க முடியாது. பழைய கட்டடம் என்பதற்காகவே எல்லாவற்றையும் நிறுத்திவைக்கச் சொல்வதும் நியாயமல்ல. ஆனால் நம் ஊரில் மரபுக் கட்டடம் என்றால் குவிமாடமும் தூண் வரிசையும் நினைவுக்கு வருகிற அளவுக்கு ஆலை நினைவுக்கு வருவதில்லை. உயர் நீதிமன்றத்தின் செங்கல் கோபுரங்களைப் பேணுகிறோம். அதே நீதிமன்றத்தில் தடையாணை வாங்கிய ஆலையின் செங்கலை விட்டுவிடுகிறோம். மும்பையில் காலாசௌக்கிப் பகுதியின் பழைய மில் ஒன்றை ஜவுளி அருங்காட்சியகமாக்கும் பணியை மாநகராட்சியே கையில் எடுத்திருக்கிறது. சென்னையில் ஒரு கூடம், ஒரு வாயில், ஒரு சுவர்வரிசை அளவுக்காவது அப்படி ஒன்று வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதைச் சிமென்ட் பூசிப் புதிதாக்காமல் சுண்ணாம்புக் காரையிலேயே செப்பனிட வேண்டும். அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அங்கே வைக்கும் பலகையில் 1918 ஏப்ரல் 27 இருக்க வேண்டும். பாபுராவ், முருகன் பெயர்கள் இருக்க வேண்டும். 1926-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்க வேண்டும். அவற்றுக்குச் சமமான எழுத்தளவில் 1921-உம் இருக்க வேண்டும். அந்த ஆண்டைப் பற்றிய வாசகத்தைப் புளியந்தோப்பில் பிறந்தவர்கள் எழுத வேண்டும். தொழிற்சங்கக்காரர்கள் அதைத் திருத்தாமல் ஏற்க வேண்டும். நூறாண்டு கடந்த பிறகும் சங்கத்தின் கதையில் அந்த மாதங்களை ஒரு வாக்கியத்துக்கு மேல் அனுமதிக்க நாம் தயங்கினால், அந்தத் தயக்கம்தான் முதலில் ஆராயப்பட வேண்டியது.

பலகைக்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்கு அரசாணையும் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம். 1970-ஐ ஒட்டி இருபது வயதில் மில்லில் சேர்ந்தவர் இன்று எழுபதைக் கடந்திருப்பார். எந்தக் கூடம் ஸ்பின்னிங், எது வீவிங், எங்கே சாயம் போட்டார்கள், மேஸ்திரி எங்கே நின்றார், சாப்பாட்டு நேரத்தில் யார் யாரோடு உட்கார்ந்தார்கள் என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இருக்காது; அவர்களிடம்தான் இருக்கிறது. வீட்டில் அப்படி ஒரு தாத்தாவோ பெரியப்பாவோ இருப்பவர்கள், கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். கடைசியாகச் சொன்ன கேள்வியை மட்டும் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.